லேசர் எலக்ட்ரானைத் தள்ளுவதில்லை: பிளாஸ்மா அலை முடுக்கி எப்படி வேலை செய்கிறது?

"துகள் முடுக்கி மேசை மேல் வைக்கும் அளவுக்குச் சுருங்கிவிட்டது." "லேசரால் தள்ளி எலக்ட்ரானை ஒளியின் வேகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்." "இனி செர்ன் மாதிரி பெரிய கூடமெல்லாம் தேவையில்லை." லேசர் பிளாஸ்மா முடுக்கம் பற்றிய துணுக்குச் செய்திகளில் இந்த மூன்றில் ஒன்றாவது இருக்கும். (செர்ன் என்பது ஜெனீவா அருகே உள்ள ஐரோப்பியத் துகள் ஆய்வகம்.) மூன்றிலும் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் பொய் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியவில்லை. இயற்பியலை பத்தாம் வகுப்போடு விட்டவருக்கும் புரியும்படி, இதில் உண்மையில் எது எதைத் தள்ளுகிறது என்று பார்ப்போம். சமன்பாடு எதுவும் வராது.

வீட்டிலேயே இருந்த முடுக்கி

துகள் முடுக்கி என்றதும் பூமிக்கடியில் போகும் சுரங்கப்பாதை நினைவுக்கு வரும். ஆனால் பழைய டப்பா டிவியும் ஒரு முடுக்கிதான். அதன் பின்பக்கம் சூடான கம்பியிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்களை, ஏறத்தாழ 25,000 வோல்ட் மின்னழுத்தம் திரையை நோக்கி இழுக்கும். அவை மோதும் இடத்தில் திரை ஒளிரும். எதிர்மின் உடைய எலக்ட்ரானை நேர்மின் இழுக்கும், எதிர்மின் தள்ளும். எல்லா முடுக்கிக்கும் இதுதான் அடிப்படை. இப்படி ஓரிடத்தில் மின் துகளை இழுக்கவோ தள்ளவோ செய்யும் தன்மைக்கு மின்புலம் என்று பெயர்.

எலக்ட்ரானின் ஆற்றலை அளக்க ஒரு வசதியான அலகு இருக்கிறது. ஒரு வோல்ட் மின்னழுத்தத்தைக் கடக்கும் எலக்ட்ரான் பெறும் ஆற்றல் ஓர் எலக்ட்ரான் வோல்ட். டிவியில் 25,000 எலக்ட்ரான் வோல்ட். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தரும் மருத்துவமனை இயந்திரத்தில் 60 லட்சம் முதல் 2 கோடி வரை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் உள்ள நேர்கோட்டு முடுக்கி 5,000 கோடி எலக்ட்ரான் வோல்ட் வரை ஏற்றியது. அதன் நீளம் 3.2 கிலோமீட்டர்.

முடுக்கம் என்ற சொல்லே கொஞ்சம் ஏமாற்றும்

முடுக்கம் என்றால் வேகம் கூடுவது என்றுதான் படித்திருக்கிறோம். எலக்ட்ரான் விஷயத்தில் அந்தக் கதை சீக்கிரமே முடிந்துவிடும். டப்பா டிவியிலேயே எலக்ட்ரான் ஒளியின் வேகத்தில் 30 சதவீதத்தை எட்டிவிடுகிறது. 10 லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டில் 94 சதவீதம். 1 கோடியில் 99.9 சதவீதத்தை நெருங்கிவிடும். அதற்கு மேல் எவ்வளவு ஆற்றல் கொட்டினாலும் ஒளியின் வேகத்தைத் தொட முடியாது. தசமப் புள்ளிக்குப் பின்னால் ஒன்பதுகள் கூடிக்கொண்டே போகும், அவ்வளவுதான்.

அப்படியானால் கொட்டிய ஆற்றல் எங்கே போகிறது? 80 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மாட்டிய லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். வெற்று லாரியும் 80, மணல் ஏற்றிய லாரியும் 80. சுவரில் மோதும்போது இரண்டும் ஒன்றா? அதிக ஆற்றல் ஏறிய எலக்ட்ரான், மணல் ஏற்றிய லாரி. அறிவியலாளர்களுக்கு வேண்டியது அந்த மோதும் வலுதான். ஆகவே "ஒளியின் வேகத்துக்குக் கொண்டுபோனார்கள்" என்ற செய்தியில் வியக்க ஒன்றுமில்லை. எவ்வளவு ஆற்றலை எவ்வளவு குறுகிய தூரத்தில் ஏற்றினார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

நீளம் ஏன் கிலோமீட்டர் கணக்கில் போகிறது

இன்றைய பெரிய முடுக்கிகளில் உலோக அறைகள் வரிசையாக இருக்கும். அவற்றுக்குள் ரேடியோ வகை அலைகளைச் செலுத்தி மின்புலம் உண்டாக்குவார்கள். எலக்ட்ரான் கூட்டம் ஒவ்வோர் அறைக்குள்ளும் நுழையும் நேரத்தில் மின்புலம் சரியான திசையில் இருக்கும். ஒவ்வோர் அறையும் ஒரு தள்ளு தள்ளி அடுத்த அறைக்கு அனுப்பும்.

சரி, ஒரே அறையில் பலமாகத் தள்ளிவிட்டால் என்ன? உலோகம் தாங்காது. மின்புலம் அளவு மீறினால் அறைச் சுவரிலிருந்தே எலக்ட்ரான்கள் பிய்ந்துவந்து பொறி பறக்கும், சுவர் சேதமாகும். மீட்டருக்குச் சுமார் 10 கோடி வோல்ட் என்பது நடைமுறை எல்லை. ஓடிக்கொண்டிருக்கும் பல முடுக்கிகள் 2 கோடி அளவிலேயே நின்றுவிடுகின்றன. ஜெர்மனியின் ஹாம்பர்க் அருகே உள்ள ஐரோப்பிய எக்ஸ்எஃப்இஎல் என்ற எக்ஸ் கதிர் லேசர் கூடத்தில் 1,750 கோடி எலக்ட்ரான் வோல்ட்டை எட்ட 1.7 கிலோமீட்டர் நீளமான முடுக்கி வேண்டியிருக்கிறது. மீட்டருக்கு இவ்வளவுதான் என்று ஆகிவிட்டால், ஆற்றலைக் கூட்ட நீளத்தைக் கூட்டுவதைத் தவிர வழியில்லை. நீளம் கூடினால் சுரங்கம், கான்கிரீட், மின்கட்டணம் எல்லாம் கூடும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம். எலக்ட்ரானை இழுப்பது மின்புலம். நமக்கு வேண்டியது வேகம் இல்லை, ஆற்றல். முடுக்கியின் நீளத்தைத் தீர்மானிப்பது அது செய்யப்பட்ட உலோகத்தின் தாங்கும் திறன்.

முழுக்க நனைந்த பின் முக்காடு எதற்கு

உடைந்துவிடுமோ என்ற பயம்தான் தடை என்றால், ஏற்கெனவே உடைந்த பொருளை வைத்து வேலை பார்த்தால் என்ன? பிளாஸ்மாவை நாடுவதன் சூட்சுமம் இவ்வளவுதான்.

அணுவிலிருந்து எலக்ட்ரான் கழன்று போனால் மிச்சமிருப்பது நேர்மின் கொண்ட அயனி. கழன்ற எலக்ட்ரான்களும் அயனிகளும் கலந்து கிடக்கும் வாயுவே பிளாஸ்மா. மின்னலில் இருப்பதும் எரியும் டியூப் லைட்டுக்குள் இருப்பதும் அதுதான். பிளாஸ்மா என்றதும் சூரியனை நினைத்து, எந்தப் பாத்திரம் தாங்கும் என்று கேட்பவர்கள் உண்டு. எரியும் டியூப் லைட்டைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். முடுக்கியில் பயன்படுவது சாதாரணக் காற்றைவிடப் பல மடங்கு மெலிந்த ஹைட்ரஜன் அல்லது ஹீலியம் வாயு. லேசரின் முன்விளிம்பு பட்டதுமே அது பிளாஸ்மா ஆகிவிடும். வேலை முடிந்ததும் கலைந்துவிடும். அடுத்த முறைக்குப் புதிய வாயு.

பிளாஸ்மாவில் அணுக்கள் ஏற்கெனவே சிதைந்துவிட்டன. இனிச் சிதைய ஒன்றுமில்லை. ஆகவே உலோகம் தாங்காத மின்புலத்தை அது தாங்கும். எவ்வளவு? வழக்கமாகக் கையாளும் அடர்த்தியில் மீட்டருக்கு 10,000 கோடி வோல்ட் வரை. உலோக எல்லையைப் போல ஆயிரம் மடங்கு.

ஆனால் பிளாஸ்மா சும்மா கிடக்கும்போது அதில் மின்புலம் இருக்காது. எலக்ட்ரான்களும் அயனிகளும் சமமாகக் கலந்திருப்பதால் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும். இரண்டையும் சற்றே பிரித்து வைத்தால்தான் மின்புலம் பிறக்கும். பிரிக்கிற வேலைதான் லேசருக்கு.

லேசர் ஏன் நேராகத் தள்ளாது

லேசர் ஒளிக்கும் மின்புலம் உண்டு, அதுவும் மிகப் பலமான மின்புலம். அதைக் கொண்டே எலக்ட்ரானைத் தள்ளிவிடலாமே என்று தோன்றும். சிக்கல் திசையில் இருக்கிறது. ஒளி முன்னோக்கிப் போகும், அதன் மின்புலமோ பக்கவாட்டில் ஆடும். ஒரு கணம் இடது, அடுத்த கணம் வலது. நடுவில் அகப்பட்ட எலக்ட்ரான் இப்படியும் அப்படியும் உதறப்படும். ஒளி கடந்துபோனதும், ஏறக்குறைய பழைய நிலைக்கே வந்துவிடும். உதறல் மிச்சம், முன்னேற்றம் இல்லை.

பக்கவாட்டு உதறலை முன்னோக்கிய இழுப்பாக மாற்றித்தர நடுவில் ஒரு தரகர் வேண்டும். அந்தத் தரகர்தான் பிளாஸ்மா.

சிலம்பக்காரரும் கூட்டமும்

திருவிழாக் கூட்டத்துக்குள் ஒருவர் சிலம்பம் சுற்றிக்கொண்டே வேகமாக முன்னேறுகிறார். கம்பு பக்கவாட்டில்தான் சுழல்கிறது. யாரையும் அவர் முன்னால் தள்ளவில்லை. ஆனாலும் கம்பு வரும் வேகத்தைப் பார்த்து ஜனங்கள் இருபுறமும் விலகுகிறார்கள். அவர் கடந்ததும் அவருக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் இருக்கும். விலகியவர்கள் தங்கள் இடத்தைப் பிடிக்கத் திரும்ப ஓடிவந்து பின்பக்கமாக முட்டிமோதுவார்கள். கூட்டத்தில் யாரும் சிலம்பக்காரருடன் ஊர்வலம் போகவில்லை. விலகினார்கள், திரும்பினார்கள், அவ்வளவே. ஆனால் அந்த வெற்றிடம் மட்டும் அவரைப் பின்தொடர்ந்து அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது ஒரு பொடியன் அந்த வெற்றிடத்துக்குள் புகுந்து, அதன் பின்விளிம்பில் நின்று ஓடுகிறான் என்று வையுங்கள். பின்னால் மூடிக்கொண்டு வரும் கூட்டம் அவனை முதுகில் நெட்டித்தள்ளும். அவன் ஓட ஓடத் தள்ளும்.

சிலம்பக்காரர் லேசர். கூட்டம் பிளாஸ்மாவின் எலக்ட்ரான்கள். பொடியன், நாம் ஆற்றல் ஏற்ற நினைக்கும் எலக்ட்ரான். அயனிகளுக்கும் இந்தக் காட்சியில் இடமுண்டு. அயனிகளிலேயே லேசான புரோட்டான்கூட எலக்ட்ரானைவிட 1,836 மடங்கு கனம் என்பதால், லேசர் கடக்கும் சிறு நேரத்தில் அயனி அசையாது. கோயில் தூண் மாதிரி நின்ற இடத்தில் நிற்கும்.

எலக்ட்ரான்கள் விலகி அயனிகள் மட்டும் நிற்கும் அந்த இடத்தை ஆய்வாளர்கள் 'குமிழி' என்கிறார்கள். குமிழிக்குள் முழுவதும் நேர்மின். பின்விளிம்பில் திரும்பிவந்து நெருக்கும் எலக்ட்ரான்களின் எதிர்மின். நம் பொடியனைப் பின்னாலிருந்து எதிர்மின் தள்ளுகிறது, முன்னாலிருந்து நேர்மின் இழுக்கிறது. இரண்டும் ஒரே திசை. லேசருக்குப் பின்னால் இப்படி வரிசையாக ஓடும் நெரிசலும் வெற்றிடமும்தான் பிளாஸ்மா அலை. ஓடும் படகுக்குப் பின்னால் எழும் அலையைப் போல என்பதால் ஆங்கிலத்தில் இதை 'வேக்' (wake) என்பார்கள். அந்தச் சொல்லுக்கு விழிப்பது என்றும் பொருள் உண்டு என்பதால் விழிப்பலை என்று சிலர் தமிழாக்கியிருப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். படகு இழுத்துவரும் அலைக்கும் தூக்கத்திலிருந்து விழிப்பதற்கும் என்ன சம்பந்தம்? பின்னலை என்றால் போதும்.

உவமையில் ஒரு சந்தேகம் வரலாம். கம்பைப் பார்த்து ஜனங்கள் பயந்து விலகுவார்கள், எலக்ட்ரானுக்கு ஏது பயம்? மாவு மில்லில் அதிரும் தகரத்தின் மேல் சிந்திய மாவைக் கவனித்திருக்கிறீர்களா? அதிர்வு பலமாக உள்ள இடத்தை விட்டு, அதிர்வு குறைந்த இடங்களில் போய்ச் சேரும். பலமாக உதறப்படும் இடத்திலிருந்து பலவீனமாக உதறப்படும் இடத்துக்குத் துகள் நகர்வது போன்ற விளைவுதான் இங்கேயும். லேசர் கற்றையின் நடுவில் ஒளி செறிவு, ஓரத்தில் குறைவு. ஆகவே எலக்ட்ரான் நடுவிலிருந்து ஓரத்துக்கு விலகுகிறது.

சுருக்கமாக: லேசர் எலக்ட்ரான்களை விலக்குகிறது. விலகியவை திரும்பும்போது அலை பிறக்கிறது. அந்த அலையின் மின்புலம்தான் முன்னோக்கி இழுக்கிறது.

கம்பு எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும்

சிலம்பக்காரர் ஆற அமர நடந்துபோனால் கூட்டம் நிதானமாக விலகி நிதானமாகக் கூடும், நெரிசல் வராது. லேசரும் சட்டென்று வந்து சட்டென்று போக வேண்டும். இந்த ஒளித்துடிப்பின் நீளம் 30, 40 ஃபெம்டோ விநாடி. ஒரு விநாடியைப் பத்துக் கோடிக் கோடி கூறாகப் போட்டால் ஒரு கூறு ஒரு ஃபெம்டோ விநாடி. விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி, 30 ஃபெம்டோ விநாடியில் தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு தூரம்தான் போகும். அது உண்டாக்கும் குமிழியும் முடியின் பருமனில் பாதிகூட வராது.

அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தில் உள்ள பெல்லா என்ற லேசரின் திறன் ஒரு பெட்டாவாட். உலகம் முழுவதும் ஒரு நேரத்தில் பயன்படுத்தும் மின்திறனைப் போல சில நூறு மடங்கு. உலக மின்சாரத்தையெல்லாம் உறிஞ்சுகிறதா என்று பயந்துவிட வேண்டாம். ஒரு துடிப்பில் இருக்கும் ஆற்றல் சுமார் 40 ஜூல். ஒரு கிலோ தேங்காய் நான்கு மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது கிடைக்கும் ஆற்றல். அதை 40 ஃபெம்டோ விநாடிக்குள் அடக்கி, கூர்முனையாகக் குவிப்பதுதான் வித்தை.

யோசனை 1979, செயல் 2004

தோஷிகி தாஜிமா, ஜான் டாசன் இருவரும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்திலிருந்து 1979-இல் இந்த யோசனையை எழுதினார்கள். அதற்கேற்ற லேசர் அப்போது உலகில் இல்லை. பலமான குறுந்துடிப்பைப் பெருக்கப் போனால் பெருக்கியின் பளிங்கே பழுதாகிவிடும். அதே வளாகத்தில், இந்தியாவில் பிறந்த சான் ஜோஷியின் குழு, சற்றே வேறுபட்ட அலைநீளம் கொண்ட இரண்டு லேசர்களைச் சேர்த்து பிளாஸ்மாவை ஊஞ்சல் போல ஆட்டிப் பார்த்தது. 1993-இல் அதில் எலக்ட்ரான்களுக்கு ஆற்றல் ஏறியது.

பளிங்குச் சிக்கலைத் தீர்த்தவர்கள் டோனா ஸ்ட்ரிக்லேண்டும் ஜெரார்ட் மூருவும். குறுகிய வாசலில் பெருங்கூட்டம் ஒரேயடியாக நுழைந்தால் வாசல் உடையும். வரிசையில் அனுப்பி உள்ளே போனதும் சேர்த்துக்கொள்ளலாம். துடிப்பை முதலில் நீட்டி, நீண்ட நிலையில் பெருக்கி, கடைசியில் சுருக்கும் இந்த முறையை அவர்கள் 1985-இல் செய்துகாட்டினார்கள். 2018-இல் நோபல் பரிசு வந்தது.

பலமான லேசர் கிடைத்த பிறகும் சிறிது காலம் ஏமாற்றம்தான். எலக்ட்ரான்கள் வந்தன, ஆனால் ஒவ்வொன்றும் ஓர் ஆற்றலில். ஓடும் பஸ்ஸில் ஏற வேண்டுமென்றால் கூடவே சற்று ஓட வேண்டும். நின்ற இடத்திலிருந்து கைப்பிடியைப் பிடித்தால் விழுவோம். அலையில் ஏறும் எலக்ட்ரானுக்கும் இதே விதி. கண்ட நேரத்தில் கண்ட இடத்தில் ஏறினால் கடைசியில் ஆளுக்கோர் ஆற்றல். 2004-இல் பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா மூன்று நாடுகளின் குழுக்களும் தனித்தனியே, ஏறக்குறைய ஒரே ஆற்றல் கொண்ட எலக்ட்ரான் கற்றையை எடுத்துக் காட்டின. 7 கோடி முதல் 17 கோடி எலக்ட்ரான் வோல்ட் வரை, சில மில்லிமீட்டர் தூரத்தில். நேச்சர் இதழ் 'கனவுக் கற்றை' என்று அட்டையில் போட்டது.

அதன்பின் பெர்க்லியில் மட்டும் ஏறிய ஏற்றம்: 2006-இல் 3.3 சென்டிமீட்டரில் 100 கோடி எலக்ட்ரான் வோல்ட். 2014-இல் 9 சென்டிமீட்டரில் 420 கோடி. 2019-இல் 20 சென்டிமீட்டரில் 780 கோடி. 2024-இல் வெளியான முடிவில் 30 சென்டிமீட்டரில் 920 கோடி. பள்ளி அளவுகோல் நீளம்.

ஏன் ஒரு மீட்டருக்கு நீட்டிவிடக் கூடாது

நல்ல கேள்வி. மூன்று காரணங்கள் குறுக்கே நிற்கின்றன. கூர்மையாகக் குவித்த ஒளி சீக்கிரம் விரிந்துவிடும். இதற்கு மருந்து கிடைத்துவிட்டது: நடுவில் மெலிந்தும் ஓரத்தில் அடர்ந்தும் இருக்கும் பிளாஸ்மாக் குழாய், கண்ணாடி இழைபோல ஒளியைக் கட்டிக்காக்கும். லேசரின் ஆற்றலும் அலையை எழுப்பி எழுப்பித் தீர்ந்துபோகும். இதுவும் புரிந்துகொள்ள எளிது.

மூன்றாவதுதான் சுவாரசியம். பிளாஸ்மாவுக்குள் ஒளி, வெற்றிடத்தில் போவதைவிடக் கொஞ்சம் மெதுவாகப் போகும். ஆற்றல் ஏறிய எலக்ட்ரானோ வெற்றிடத்தில் ஒளி போகும் வேகத்தை ஒட்டி ஓடும். ஆகவே பொடியன் மெல்ல மெல்லச் சிலம்பக்காரரை நெருங்கிவிடுகிறான். குமிழியின் நடுவைத் தாண்டினால் மின்புலம் திசை மாறி அவனைப் பின்னுக்கு இழுக்கும். ஏறிய ஆற்றல் இறங்கத் தொடங்கும். பிளாஸ்மாவை மெலிதாக்கினால் லேசர் வேகமாகப் போகும், பொடியன் நெருங்க நேரமாகும். ஆனால் மெலிந்த பிளாஸ்மாவில் மின்புலமும் குறைவு. ஒன்றைப் பிடித்தால் ஒன்று நழுவும்.

மேசை மேல் எது இருக்கிறது

30 சென்டிமீட்டர் என்பது பிளாஸ்மாவின் நீளம் மட்டும். அதற்கு ஒளி அனுப்பும் பெட்டாவாட் லேசருக்குப் பெரிய அறைகள் வேண்டும். உள்ளே எடுக்கும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட ஒளியாக வெளியே வருவதில்லை. பெல்லா விநாடிக்கு ஒரு முறைதான் சுடும். எக்ஸ்எஃப்இஎல் விநாடிக்கு 27,000 துடிப்புகள் தரும். 'மேசை மேல் முடுக்கி' என்பவர்கள் சமையலறையைக் கணக்கில் விட்டு, இலையில் விழுந்ததை மட்டும் அளக்கிறார்கள்.

செர்ன் தேவையில்லை என்பதும் பொருந்தாத ஒப்பீடு. அங்கே 27 கிலோமீட்டர் வளையத்தில் சுற்றுவது புரோட்டான். ஆற்றலோ ஒரு புரோட்டானுக்கு 6.8 லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட். 920 கோடி எங்கே, அது எங்கே! சொல்லப்போனால் செர்னிலேயே பிளாஸ்மா ஆய்வு நடக்கிறது. அவேக் என்ற அந்தத் திட்டத்தில் சிலம்பம் சுற்றுவது லேசர் அல்ல, புரோட்டான் கற்றை.

இந்த முடுக்கிக்கு ஏற்ற வேலை வேறு. இதிலிருந்து வரும் எலக்ட்ரான் கூட்டம் சில ஃபெம்டோ விநாடி நீளமே கொண்டது. குமிழிக்குள் அது நெளிந்து ஓடும்போதே எக்ஸ் கதிர் உமிழும். எலும்பு மாதிரிகளை நுணுக்கமாகப் படமெடுக்க அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 2021-இல் ஷாங்காயில் ஒரு குழு இத்தகைய எலக்ட்ரான்களைக் காந்தங்களுக்கிடையே நெளியவிட்டு, 27 நானோமீட்டர் அலைநீளத்தில் லேசர் ஒளியையே உண்டாக்கியது. ஒளியால் ஏறிய ஆற்றல் மறுபடி ஒளியாயிற்று. கற்றை துல்லியமாக இல்லாவிட்டால் இது நடக்காது. இந்தியாவில் இந்தூரில் உள்ள ராஜா ராமண்ணா மேம்பட்ட தொழில்நுட்ப மையத்திலும் லேசர் பிளாஸ்மா முடுக்கச் சோதனைகள் நடந்துவருகின்றன.

அடுத்த படி: ஒன்றன்பின் ஒன்று

பொடியன் சிலம்பக்காரரை நெருங்கிவிட்டால் என்ன செய்வது? புதிய சிலம்பக்காரரிடம் ஒப்படைக்க வேண்டியதுதான். அதாவது முதல் பிளாஸ்மாவிலிருந்து வெளிவரும் எலக்ட்ரான்களை, புதிய லேசர் ஓடும் இரண்டாவது பிளாஸ்மாவில் சரியான கணத்தில் ஏற்றிவிடுவது. இரண்டு ஓடும் பஸ்களுக்கிடையே தாவுவது போல, ஃபெம்டோ விநாடிக் கணக்கில்.

2016-இல் பெர்க்லி குழு இரண்டு கட்டங்களை இப்படி இணைத்து, இரண்டாவது கட்டத்தில் ஆற்றல் கூடுவதைக் காட்டியது. இரண்டாவது லேசரை எலக்ட்ரான் போகும் பாதையிலேயே திருப்பிவிடக் கண்ணாடி வேண்டும். ஆனால் அவ்வளவு பலமான ஒளியில் எந்தக் கண்ணாடியும் பொசுங்கும், எலக்ட்ரானுக்கும் குறுக்கே நிற்கும். அவர்கள் வைத்தது பழைய கேசட்டில் ஓடுவது போன்ற மெல்லிய டேப். லேசர் பட்டதும் டேப்பின் மேற்பரப்பு பிளாஸ்மாவாகி, ஒரு கணம் கண்ணாடிபோல ஒளியைத் திருப்பும். எலக்ட்ரான்கள் டேப்பை ஊடுருவிப் போய்விடும். பட்ட இடம் பொசுங்கிவிடும், அதனால் அடுத்த துடிப்பு வருவதற்குள் டேப் சற்று நகர்ந்து புது இடத்தைக் காட்டும்.